பி2-க்கு அப்புறம் நகராத ஸ்பானிஷ்

கேள்வி: சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் இரவு ஷிப்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் கொலம்பியாவில் இருக்கிறது. பொகோட்டாவிலும் மெடெயினிலும் உள்ளவர்களோடு தினமும் ஸ்பானிஷில்தான் பேச்சு. டெலே என்கிற ஸ்பானிஷ் தேர்வில் பி2 நிலை தேறியாகிவிட்டது. மெயில் எழுதுகிறேன், மீட்டிங்கில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்க ஆரம்பித்தால் பாதிகூடப் புரிவதில்லை. மாட்ரிட்காரர் ஒருவரின் பாட்காஸ்ட், மெக்சிகோ சீரியல், அர்ஜென்டினா யூடியூபர், போனில் மூன்று செயலி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முன்னேற்றம் மட்டும் தெரியவில்லை. வெளிநாடு போய்த் தங்கிப் படிக்க இப்போதைக்கு வழியில்லை. எந்தச் செயலி நல்லது? அடுத்த நிலையான சி1 எழுதலாமா? ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாததால் நேரத்துக்குக் குறைவில்லை.
வாசகி, சென்னை

அன்புள்ள தோழிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பள்ளிக்கரணை, பறவை என்று, என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். செயலியைப் பற்றியும் சொல்கிறேன், தேர்வைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் உங்கள் ஸ்பானிஷ் இனி வளர்வதாக இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வழியாகத்தான் வளரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பி2 வரைக்கும் வந்துவிட்டவரிடம் எல்லோரும் அவருக்கு ஏற்ற மாதிரி பேசத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் கொலம்பியச் சகாக்கள் உங்கள் பக்கம் திரும்பும்போது தானாகவே வேகத்தைக் குறைப்பார்கள், பாடப்புத்தகச் சொல்லைத் தேடி எடுத்துப் போடுவார்கள், பாதி வாக்கியத்தை விழுங்காமல் முழுசாக முடிப்பார்கள். அவர்களின் அன்பு அது. அதனால் உங்களுக்கு எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும்போது அந்தச் சலுகை இல்லை. அங்கேதான் நீங்கள் தடுமாறுகிறீர்கள். சி1 என்ற நிலையின் விளக்கத்திலேயே இது இருக்கிறது: நேரடியாகச் சொல்லாமல் உள்ளே வைத்துச் சொல்வதையும் பிடிக்க வேண்டும், சொல்லுக்காகத் திணறாமல் பேச வேண்டும், இடத்துக்குத் தக்கபடி பேச்சை மாற்றத் தெரிய வேண்டும். இந்த மூன்றில் எதுவும் இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்கினால் வந்துவிடுவதில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்கும் பட்டியல். மாட்ரிட், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று மூன்றும் மூன்று திசை. நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து ‘நீங்கள்’ என்பதற்கு மாட்ரிட்காரர் வோசோத்ரோஸ் என்பார்; கொலம்பியாவில் அன்றாடப் பேச்சில் அந்தச் சொல்லே கிடையாது, எல்லோருக்கும் உஸ்தேதெஸ்தான். பொகோட்டாவில் நெருங்கிய நண்பர்களுக்குள், ஏன், கணவன் மனைவிக்குள்கூட உஸ்தெத் புழங்கும். பாடத்தில் உஸ்தெத் என்றால் மரியாதை, தூ என்றால் நெருக்கம் என்று படித்துவிட்டு வந்தவருக்கு இவர்கள் சண்டையில் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வரும். மெடெயினுக்குப் போனால் வோஸ். கரீபியக் கரையோரம் தூ, கூடவே சொல் முடிவில் வரும் ஸகரமும் காணாமல் போகும். கோவைத் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்தவரை நாகர்கோவில் கல்யாண வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தால் முதல் நாள் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் நீங்களும் மீட்டிங்கில் விழிக்கிறீர்கள். உங்கள் காது மந்தமில்லை. தினமும் வேறு வேறு ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அதை எதிலும் நிலைக்க விடாமல் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே என் முதல் ஆலோசனை: கொலம்பியாவைத் தேர்ந்தெடுங்கள், ஒரு வருடத்துக்கு அங்கேயே இருங்கள். மெக்சிகோ சீரியலை ஓய்வுக்குப் பாருங்கள், தப்பில்லை, படிப்புக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். மற்ற நாட்டு ஸ்பானிஷ் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். ஓர் ஊர்ப் பேச்சு நன்றாகப் பிடிபட்டவருக்கு அடுத்த ஊர் சீக்கிரமே வசப்படும். எல்லா ஊரையும் அரைகுறையாகக் கேட்டவருக்குத்தான் எதுவுமே வசப்படுவதில்லை.

கொலம்பியாவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நீங்கள் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மாலை 5 மணிக்கு ரேடியோவைப் போட்டால் அங்கே காலை 6:30. கரகோல் ரேடியோ, டபிள்யூ ரேடியோ இரண்டின் காலை நிகழ்ச்சிகளையும் இணையத்தில் நேரலையாகவே கேட்கலாம். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், குறுக்கே பாய்வார்கள், அமைச்சரைப் போனில் பிடித்துக் கேள்வி கேட்பார்கள். முதல் இரண்டு வாரம் தலை சுற்றும். இருந்தும் இதையே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: உங்கள் சகாக்கள் எட்டரை மணிக்கு மீட்டிங்கில் உட்காரும்போது அவர்கள் வாயில் இருப்பது பெரும்பாலும் அன்று காலை போக்குவரத்து நெரிசலில் காதில் விழுந்த செய்திதான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அரசியல் பின்னணி புரியாவிட்டால் லா சியா வசியா என்ற தளத்தைப் படியுங்கள், 2009-இலிருந்து கொலம்பிய அரசியலை விளக்கி எழுதுகிறார்கள். நாளிதழ் வேண்டுமானால் எல் எஸ்பெக்தாதோர். 1887-இல் மெடெயினில் பிறந்த பத்திரிகை, இன்றும் நல்ல உரைநடைக்குப் பெயர் போனது.

கவனம் செலுத்தி, எழுதி வைத்துக் கேட்பதற்கு ரேடியோ அம்புலாந்தே. 2011-இல் தொடங்கியது, லத்தீன் அமெரிக்கா முழுவதிலிருந்தும் உண்மைக் கதைகளை ஒலி வடிவில் தருகிறார்கள், ஒவ்வொரு கதைக்கும் எழுத்து வடிவம் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கொலம்பியாவைப் பற்றிய கதைகளாகப் பொறுக்கி எடுங்கள். முழுக் கதையையும் ஒரே மூச்சில் கேட்பதைவிட இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொண்டு குடைவது நல்லது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள், காதில் விழுந்ததைத் தாளில் எழுதுங்கள், அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத சொற்கள் குறைவாகவே இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். தெரிந்த சொல்தான், ஒலியில் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். வா, ஆ, அப்லார் என்று தனித்தனியாகப் படித்த மூன்று சொல்லும் பேச்சில் ஒரே ‘வாப்லார்’ ஆகிவிடும். ‘பாரா அதெலாந்தே’ என்பது ‘பலாந்தே’ என்று சுருங்கிவிடும். ‘கே உபோ’ என்று எழுதுவதை ‘கியுபோ’ என்று ஒரே வீச்சில் சொல்லி வணக்கம் வைப்பார்கள். தமிழில் இரண்டு உயிர் சந்தித்தால் நடுவில் யகரமோ வகரமோ வந்து உட்கார்ந்து இரண்டையும் காப்பாற்றும். ஸ்பானிஷில் அப்படி யாரும் வருவதில்லை, உயிர்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். உங்கள் காது அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கிறது, அது வராது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது எங்கே எங்கே கரைந்தது என்று சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். சில வாரத்தில் வட்டங்கள் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொன்று, தமிழ் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷில் ஒரு சௌகரியம் இருக்கிறது, பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் இதைச் சொல்லித் தருவதில்லை. ‘அது’ என்று சொல்லும்போது தகரம் மெலிகிறது, ‘பந்து’ என்று சொல்லும்போது நகரத்துக்குப் பின்னால் கெட்டியாக நிற்கிறது. ஸ்பானிஷில் ‘நாதா’வும் ‘தோந்தே’வும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. ‘பகல்’ என்பதில் ககரம் குழைகிற மாதிரியே ‘லாகோ’வில் குழையும், ‘தங்கம்’ போலவே ‘தெங்கோ’வில் இறுகும். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்ததால் நாதாவை அழுத்தி உடைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று ஒருமுறை பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் தமிழ் வாயை அப்படியே விட்டுவிடுங்கள், அது சரியாகச் சொல்லும்.

சரி, பறவைக்கு வருவோம்.

கேட்பது எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது ஒருவழிப் பாதை. நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று ரேடியோ எதிர்பார்ப்பதில்லை. மொழி முதிர்வதற்கு, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் வேண்டும், அவர்களோடு பேசுவதற்கு மொழியைத் தவிர வேறு ஒரு விஷயம் வேண்டும். ‘நான் ஸ்பானிஷ் பழக வந்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு போனால் ஊர், வேலை, பிடித்த சாப்பாடு என்று மூன்று பேச்சில் முடிந்துவிடும். அதே ஆட்களிடம் ஒரு பறவைப் படத்தைக் காட்டி இது எது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு வாரம் ஓடும்.

உலகத்திலேயே அதிகப் பறவை இனங்கள் உள்ள நாடு கொலம்பியா, 1,900-க்கும் மேல். ஒவ்வொரு மே மாதமும் ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளம் நடத்தும் உலகப் பறவை நாளில் 2017, 2018, 2019 மூன்று ஆண்டும் அதிக இனங்களைப் பதிவு செய்த நாடு அதுதான். அங்கே பறவை பார்ப்பவர்கள் ஒருங்கிணைந்தவர்கள், பேச்சுப் பிரியர்கள். பொகோட்டாவில் அசோசியாசியோன் பொகோத்தானா தெ ஓர்னித்தோலொஹியா, மெடெயின் பக்கம் சொசியெதாத் அந்தியோக்கெஞ்ஞா தெ ஓர்னித்தோலொஹியா என்று பல்லாண்டு காலமாக இயங்கும் சங்கங்கள் இருக்கின்றன. உங்கள் சகாக்கள் இருக்கும் அதே இரண்டு ஊர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட நெருக்கமான ஒரு தொடர்பும் உண்டு. பொகோட்டா நகருக்குள்ளேயே சதுப்பு நிலங்கள் இருக்கின்றன: லா கொனெஹேரா, சாந்தா மரீயா தெல் லாகோ, கோர்தோபா, ஹபோக்கே என்று பல. கட்டடமும் குப்பையும் கழிவுநீரும் தின்றது போக மிஞ்சியவற்றை அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகள் போராடித்தான் காப்பாற்றினார்கள். அவற்றில் 11 சதுப்பு நிலங்கள் சேர்ந்த தொகுதி 2018-இல் ராம்சார் என்கிற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் வந்தது. பள்ளிக்கரணை 2022-இல் வந்தது. பெருங்குடிக் குப்பைமேட்டின் ஓரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்த உங்களுக்கு அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே தீங்குவா பொகோத்தானா என்று ஒரு பறவை, பொகோட்டாவைச் சுற்றியும் கிழக்கு ஆண்டீஸ் மலைப்பகுதியிலும் உள்ள உயர்நிலச் சதுப்புகளில் வாழ்வது, நம்ம கானாங்கோழியின் குடும்பம்தான். அதைப் பார்க்க அந்த ஊர்க்காரர்கள் கோரைக்கு முன்னால் விடியற்காலையில் மணிக்கணக்கில் நிற்பார்கள். அவர்களிடம் நீங்கள் கொண்டுபோகப் போவது வெறும் இலக்கணச் சந்தேகமாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு பெருநகரச் சதுப்பு எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்ற செய்தி உங்களிடம் இருக்கிறது, அதைக் கேட்க அவர்களுக்கு நிஜமாகவே ஆசை இருக்கும்.

எங்கே தொடங்குவது? பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில். நீங்கள் ஏற்கெனவே அதில் இருக்கலாம். அதன் கொலம்பியக் கிளை நேச்சுரலிஸ்தா கொலம்பியா, அங்குள்ள ஹும்போல்ட் ஆய்வு நிறுவனம் நடத்துவது. கணக்கின் மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றுங்கள். இடம் பொகோட்டா, உயிர் பறவை என்று வடிகட்டிப் புதிய பதிவுகளைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் வாசிப்பு மட்டும் போதும், யார் அடிக்கடி எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்று. அப்புறம் பள்ளிக்கரணைப் படங்களை ஸ்பானிஷ் குறிப்போடு ஏற்றுங்கள். விராலடிப்பானில் தொடங்கினால் நல்லது, அது அங்கேயும் இருக்கிற பறவை, அகிலா பெஸ்கதோரா என்பார்கள், பேச்சு தானாகவே தொடங்கும். ஞாயிறு காலை நீங்கள் வீடு திரும்பி ஏற்றினால், அங்கே விடியற்காலை எழுந்து பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் அதைப் பார்க்கும்போது நமக்கு மதியம் மூன்றரை, நாலு மணி. மாலை டீக்கு உட்காரும்போது பதில் வந்திருக்கலாம்.

இந்த விஷயத்தை வற்புறுத்துவதற்கு மொழிக் காரணமும் ஒன்று உண்டு. பறவை அடையாளம் காண்கிறவர்கள் எதையும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். ‘இருக்கலாம்’, ‘அப்படித் தெரிகிறது’, ‘இது அதுவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை’, ‘அலகு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்’, இப்படித்தான் பேச்சே. ஸ்பானிஷில் இவற்றில் பலவற்றுக்கு சுப்ஹுன்திவோ, அதாவது உறுதியில்லாததைச் சொல்லும் வினை வடிவம், வேண்டும், அல்லது நிபந்தனை வினை வேண்டும். பி2 மாணவர்கள் சுப்ஹுன்திவோவின் வாய்பாட்டை ஒப்பிப்பார்கள், பேச்சில் அதன் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள், ஏனென்றால் அவர்கள் பேசும் விஷயங்களில் அது தவிர்க்க முடியாததாக இருப்பதில்லை. இங்கே தவிர்க்க முடியாது. ‘நோ க்ரேயோ கே ஸேயா...’ என்று ஒருவர் எழுதுவதை நாளுக்கு ஐந்து முறை பார்த்தால் ஒரு மாதத்தில் உங்கள் விரல் தானாக அதை அடிக்கும்.

ஓர் உதாரணம். ஒருவர் ஒரு படத்தைப் போட்டு இது வளராத பறவை என்று எழுதியிருக்கிறார், உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டும். பி2 மாணவி ‘போர் கே எஸ் ஹுபெனில்?’ என்று கேட்பார். இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் முன்பின் தெரியாதவரிடம் கேட்கும்போது கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கிற மாதிரி இருக்கும். பொகோட்டாக்காரர் ‘என் கே ஸெ ஃபீஹா ஊனோ பாரா சபேர் கே எஸ் உன் ஹுபெனில்?’ என்று கேட்க வாய்ப்பு அதிகம். இளம்பறவை என்று தெரிந்துகொள்ள ஒருவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார். ‘ஊனோ’ என்று பொதுவில் வைத்ததால் எதிராளியைச் சோதிக்கிற தொனி போய், கற்றுக்கொள்ள விரும்புகிற தொனி வந்துவிடுகிறது. கொலம்பியப் பேச்சில் இந்த ஊனோ நிறையப் புழங்கும். இப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் அதை முழுசாக எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள், யார் யாரிடம் எப்போது சொன்னார் என்பதோடு. தனிச்சொற்களின் பட்டியல் போட வேண்டாம். இந்த முழு வாக்கியங்களை ஆங்கி மாதிரி ஒரு அட்டைச் செயலியில் போட்டு தினமும் பத்து நிமிடம் புரட்டினால் போதும். எந்தச் செயலி என்று கேட்டதற்கு என் பதில் இதுதான். ஐந்து சொல் சொல்லிக்கொடுத்துக் கைதட்டும் செயலிகள் உங்கள் நிலைக்கு இனி உதவாது, மூன்றையும் போனிலிருந்து எடுத்துவிடலாம்.

பழக்கம் வந்தபின் யாராவது வாட்ஸாப் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே எழுத்தைவிட குரல்பதிவு அதிகமாகப் புழங்கும். இது உங்களுக்கு வரம். நாற்பது விநாடிக் குரல்பதிவு என்பது யாரும் யாருக்காகவும் மெதுவாக்காத, அசல் பேச்சு. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். பதிலையும் குரலிலேயே அனுப்புங்கள். எழுதி வைத்துக்கொண்டு படிக்காதீர்கள், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். குறிப்பாக மூன்று சொல்லை மட்டும் தாளில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் சில பதிவுகளை அழித்து அழித்து மறுபடி பதிவு செய்வீர்கள், அது நல்ல பயிற்சிதான்.

அங்கே நடந்துகொள்ளும் முறை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். குழுவுக்குள் நுழைந்ததும் நேராகக் கேள்வியைப் போடாதீர்கள். காலை வணக்கம், எல்லோரும் நலமா, என்று ஒரு வரி, அப்புறம் ‘கே பேனா’ என்று தொந்தரவுக்கு ஒரு வருத்தம், அதற்கப்புறம்தான் விஷயம். பொகோட்டாவில் இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் முரட்டுத்தனமாகத் தெரியும். உங்கள் ஆபீஸ் மெயில்களிலும் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள், பதில் வருகிற தொனியே மாறலாம்.

எழுத்தைத் திருத்திக்கொள்ள இரண்டு இடம் சொல்கிறேன். ரெட்டிட்டில் ரைட்ஸ்ட்ரீக் ஸ்பானிஷ் குழுவில் தினமும் ஒரு பத்தி எழுதிப் போட்டால் தாய்மொழிக்காரர்கள் திருத்தித் தருகிறார்கள். எதை எழுதுவது என்று யோசிக்காதீர்கள், அன்று ரேடியோவில் கேட்டதை எழுதுங்கள். இன்னொன்று ஸ்பானிஷ் விக்கிபீடியா. அதில் கணக்குத் தொடங்கினால் தையேர் என்று ஒரு பட்டறைப் பக்கம் கிடைக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அங்கே கட்டுரையை எழுதித் தயார் செய்யலாம். பள்ளிக்கரணையைப் பற்றியோ வேடந்தாங்கலைப் பற்றியோ அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதுங்கள், கொஞ்சமாக இருந்தால் சான்றுகளோடு விரியுங்கள். வெளியிட்டபின் முன்பின் தெரியாதவர்கள் வந்து உங்கள் வாக்கியத்தை மாற்றுவார்கள். வரலாற்றுப் பக்கத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். காசு கொடுத்தாலும் இவ்வளவு நுணுக்கமான திருத்தம் கிடைப்பது கஷ்டம். சில நேரம் மொத்தமாக நீக்கியும் விடுவார்கள். அப்போது உரையாடல் பக்கத்தில் போய் ஏன் என்று கேட்டு, உங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லி வாதாட வேண்டியிருக்கும். சி1 தேர்வில் கேட்கும் வாதக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

செயற்கை நுண்ணறிவு அரட்டைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயன்படுத்துவீர்கள் என்று தெரியும். ஒரு வாக்கியத்தில் ஏன் இந்த வினை வடிவம் என்று விளக்கம் கேட்க நல்லது. பால், எண், காலப் பொருத்தம் சரிபார்க்க நல்லது. உங்கள் சார்பில் எழுத விடாதீர்கள். சொல்லாவிட்டால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பொதுவான ஸ்பானிஷில்தான் எழுதித் தரும், அதைக் கொண்டுபோய் குழுவில் போட்டால் உங்களுக்குப் பதில் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். சந்தேகச் சொல்லுக்கு ஸ்பானிஷ் அகாதமிகள் சங்கத்தின் அமெரிக்கச் சொல்லகராதி இணையத்தில் இலவசம், 2010-இல் வந்தது, எந்தச் சொல் எந்த நாட்டில் எந்தப் பொருளில் என்று தனித்தனியாகச் சொல்லும். கொலம்பியாவுக்கென்றே காரோ இ குவெர்வோ நிறுவனம் 2018-இல் ஓர் அகராதி வெளியிட்டிருக்கிறது.

சீரியல் பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம்: ஸ்பானிஷுக்கு டப்பிங் செய்ததைத் தவிருங்கள். டப்பிங்கும் சப்டைட்டிலும் பெரும்பாலும் தனித்தனி மொழிபெயர்ப்பு, ஒன்றோடொன்று பொருந்தாது, காது ஒன்று கேட்கும் கண் ஒன்று படிக்கும். கொலம்பியாவிலேயே எடுத்ததை ஸ்பானிஷ் சப்டைட்டிலோடு பாருங்கள். அவர்களின் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆர்டிவிசி பிளே தளத்தில் ஆவணப்படங்களும் தொடர்களும் கட்டணமில்லாமல் இருக்கின்றன.

ஹலோடாக், டேன்டம் போன்ற மொழிப் பரிமாற்றச் செயலிகளில் பெண்களுக்குத் தொல்லை அதிகம் என்று பல மாணவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பயன்படுத்துவதாக இருந்தால் பெண்களோடு மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள், போன் நம்பரை உடனே கொடுக்காதீர்கள், பணப் பேச்சு வந்த நிமிடமே தடை செய்யுங்கள். பறவைக் குழு மாதிரி பொதுவெளியில் பலர் பார்க்கப் பழகுவது இந்த வகையிலும் மேல்.

அப்புறம், உங்கள் சகாக்கள். தினமும் உங்களோடு பேசுகிற கொலம்பியர்களை நீங்கள் பரீட்சை அதிகாரிகளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீர்களோ என்று கடிதம் படிக்கும்போது தோன்றியது. மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள், உங்களுக்குப் புரியவில்லை என்றால், முடிந்ததும் அவர்களில் மனசுக்கு நெருக்கமானவர் ஒருவருக்கு, என்ன சொன்னார்கள், எனக்கும் சொல்லுங்களேன் என்று ஒரு வரி அனுப்புங்கள். சொல்ல மாட்டேன் என்கிற கொலம்பியரை நான் இன்னும் பார்க்கவில்லை. கூடவே, என்னோடு பேசும்போது வேகத்தைக் குறைக்க வேண்டாம், புரியாவிட்டால் நானே கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் துணிவு வந்தாலே பாதித் தூரம் கடந்த மாதிரி.

தேர்வு. இப்போதே எழுத வேண்டாம், ஒரு வருடம் கழித்து எழுதுங்கள். டெலே சி1-இல் இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுத்தாக வேண்டும், ஒன்றில் எடுத்த அதிக மதிப்பெண் இன்னொன்றைக் காப்பாற்றாது. எழுத்துத் தாளில் ஓர் உரையைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதன் கருத்துகளைத் தொகுத்து, உங்கள் நிலைப்பாட்டையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். மேலே சொன்ன ரேடியோவும் விக்கிபீடியாவும் அதற்குத்தான் கைகொடுக்கும். வாய்மொழித் தேர்வில் கொலம்பியப் பேச்சைப் பேசினால் மதிப்பெண் குறையுமோ என்று கவலைப்பட வேண்டாம், எந்த நாட்டு வழக்காக இருந்தாலும் ஏற்பார்கள், ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே வழக்காக இருப்பது நல்லது. டெலே சான்றிதழுக்குக் காலக்கெடு கிடையாது. கம்பெனியில் பதவி உயர்வுக்காகச் சீக்கிரம் ஒரு தாள் வேண்டும் என்றால் சியேலே எழுதலாம், முழுக்க கணினியில் நடப்பது, சி1 வரை அளந்து சொல்லும், ஆனால் ஐந்து வருடம்தான் செல்லும். டெலே மையங்கள், தேதிகள், கட்டணம் எல்லாவற்றையும் புதுடெல்லி செர்வாந்தெஸ் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுக் கெடு தேர்வுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும், அதை மட்டும் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.